பாறையில் படிந்த பாதரசம்

அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் பாதரசம் ஒன்றுதான். சுழியத்துக்குக் கீழே 39 பாகை செல்சியஸில் அது உறைகிறது. 357 பாகையில் கொதிக்கிறது. கொதிநிலையை எட்டுவதற்கு வெகு முன்னரே ஆவியாகிக் காற்றில் கலக்கத் தொடங்கிவிடுகிறது. எரிமலை கக்கும் மற்ற உலோகங்களில் பெரும்பகுதி சாம்பல் துகள்களோடு சேர்ந்து, எரிமலையைச் சுற்றியுள்ள நிலப்பரப்பிலேயே விழுந்துவிடும். பாதரசமோ தனித்தனி அணுக்களாக, நிறமற்ற ஆவியாக வெளியேறி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வளிமண்டலத்தில் தங்குகிறது. உயரத்தில் வீசும் காற்றுகள் பூமியை ஒரு முறை சுற்றிவரச் சில வாரங்கள் போதும். ஆகவே எந்தக் கண்டத்தில் எரிமலை பொங்கினாலும் அதன் பாதரசம் எல்லாக் கடல்களுக்கும் போய்ச் சேர்கிறது.

காற்றிலுள்ள பாதரச ஆவி ஒட்சியேற்றமடைந்ததும் அதன் இயல்பு மாறிவிடுகிறது. நீரில் கரையும் வடிவத்தைப் பெற்று மழையோடு இறங்குகிறது. கடலிலும் ஆற்றிலும் குளத்திலும் சேர்கிறது. நீரில் அது நெடுநாள் கரைந்து நிற்பதில்லை. இறந்த பாசிகளின் எச்சம், இலைமட்கு, களித்துகள், சல்பைட்டுக் கனிமம் என எது அருகில் இருந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு அடித்தளத்தில் படிகிறது. சேதனப் பொருளிலுள்ள கந்தகத்தோடு அது கொள்ளும் பிணைப்பு மிக வலியது. அடுத்த பருவத்தின் சேறு அதை மூடுகிறது. சேறு இறுகிக் களிப்பாறையாகவோ சுண்ணாம்புப் பாறையாகவோ மாறும்போது பாதரசமும் அதற்குள் அடைபடுகிறது.

அளவு மிகச் சொற்பம். சாதாரண அடையற்பாறையில் பாதரசம் பில்லியனில் ஏறத்தாழ 60 பங்கு இருக்கும். அதாவது ஒரு தொன் பாறைக்கு 60 மில்லிகிராம். பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானி ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம் இருந்தது. அந்த ஒரு கிராமைப் பாறையிலிருந்து திரட்டுவதானால் பதினாறு தொன்னுக்கும் மேற்பட்ட பாறை வேண்டும். இத்தனை சிறிய அளவில் காணும் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே உயிரின வரலாற்றின் மிகப் பெரிய அழிவுகளுக்கு இன்று காரணம் தேடப்படுகிறது.

ஒரே பாறையில் இரு தடயங்கள்

கடந்த 500 மில்லியன் ஆண்டுகளில் ஐந்து முறை உயிரினங்களின் பெரும்பகுதி அழிந்திருக்கிறது. ஓர்டோவிசியன் காலத்தின் முடிவில் ஏறத்தாழ 445 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரும், டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில் 372 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரும், பெர்மியன் முடிவில் 252, டிரையாசிக் முடிவில் 201, கிரிட்டேசியஸ் முடிவில் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரும் இவை நிகழ்ந்தன. மிகக் கொடியது பெர்மியன் முடிவில் வந்தது. கடலில் வாழ்ந்த இனங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அப்போது மறைந்தன. கடைசி மூன்றுக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு மாபெரும் எரிமலைப் பெருக்கு இருக்கிறது. பெர்மியன் முடிவில் சைபீரியாவில் எரிமலைக்குழம்பு பொங்கியது. டிரையாசிக் முடிவில், அமெரிக்காவும் ஆபிரிக்காவும் பிளக்கத் தொடங்கிய மத்திய அத்திலாந்திக் வலயத்தில் பொங்கியது. கிரிட்டேசியஸ் முடிவில் தக்காணத்தில் பொங்கியது.

இவை கூம்பு வடிவ மலையொன்று வெடித்துச் சாம்பலைத் தூவிய நிகழ்ச்சிகள் அல்ல. நிலம் நெடும் பிளவுகளாகத் திறந்து, பசால்ட்டுக் குழம்பு இலட்சக்கணக்கான சதுரக் கிலோமீற்றர் பரப்பில் அடுக்கடுக்காகப் பரவியது. சாம்பல் குறைவு, வாயுவும் குழம்புமே அதிகம். ஆராய்ச்சியாளருக்கு இதனால் ஒரு பெரும் சிக்கல் ஏற்பட்டது. குழம்பு உறைந்த பாறை சைபீரியாவில் இருக்கிறது. அழிந்த கடல் உயிரிகளின் சுவடுகள் சீனாவிலும் கனடாவிலும் காஷ்மீரிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் கதிர்த்தொழிற்பாட்டு முறையில் வயது கணித்து ஒப்பிடலாம். ஆனால் எவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும் பல்லாயிரம் ஆண்டுப் பிழை தங்கிவிடுகிறது. எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்வி அந்தப் பிழைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பாதரசம் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி காட்டியது. உயிரிகளின் சுவடு எந்தப் பாறையில் மறைகிறதோ அதே பாறையில், அதே அடுக்கில், எரிமலையின் தடயத்தையும் அளக்கலாம். பாதரச உயர்வு கீழேயும் சுவடுகளின் மறைவு மேலேயும் இருந்தால், எரிமலை முந்தியது. அதற்கு வயதுக் கணிப்புத் தேவையில்லை. அடுக்கின் வரிசையே போதும்.

அளக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பாறை முகப்பைச் சில சென்ரிமீற்றர் இடைவெளியில் வெட்டி மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. காற்றிலும் மழையிலும் சிதைந்த மேல்தோல் கழிக்கப்பட்டு, உட்பகுதி மாவாக அரைக்கப்படுகிறது. ஒரு கிராமின் பத்திலொரு பங்கு மாவை உலையிலிட்டு 700 பாகைக்கும் மேல் சூடாக்கினால் பாதரசம் முழுவதும் ஆவியாகிவிடும். அந்த ஆவி பொன் பூசிய பொறியொன்றின் வழியே செலுத்தப்படுகிறது. பாதரசம் பட்ட பொன் அதை விடாமல் பற்றிக்கொள்ளும் என்பது பொற்கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த பண்பு. பின்னர் பொன்னைச் சூடாக்கினால் பிடிபட்ட பாதரசம் ஒரே வீச்சில் வெளியேறும். அது 253.7 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அளவு தெரியவரும். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்களே செல்லும். ஒரு பாறை முகப்பிலிருந்து நூற்றுக்கணக்கான மாதிரிகளை அளக்க முடிவது இதனால்தான்.

இத்துறைக்குப் பரவலான கவனத்தைத் தேடித் தந்தது 2012 இல் ஹமீத் சனே, ஸ்டீபன் கிராஸ்பி, பெனுவா போஷாம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. கனடாவின் வட துருவப் பகுதியில், பெர்மியன் முடிவைக் காட்டும் அடையற்பாறைகளில் பாதரசம் வழக்கத்துக்கு மாறாக ஏறியிருப்பதை அவர்கள் காட்டினர். சேதனப் பொருள் தன் பங்கைப் பிடித்த பிறகும் பாதரசம் மிஞ்சிக் கிடந்ததாக அவர்களின் கணக்கு சொன்னது. அதன் பின்னர் ஆய்வுகள் பெருகின. டிரையாசிக் முடிவுக்கு அமெரிக்காவின் நெவாடாவிலும் வேறு பல நாடுகளிலும் சான்று கிடைத்தது. ஓர்டோவிசியன், டெவோனியன் அழிவுகளுக்கும் எரிமலைத் தொடர்பு உண்டா என்ற கேள்வி, பெருங்குழம்புப் பரப்பு எதுவும் தெளிவாக எஞ்சாத நிலையிலும், 2017, 2018 ஆம் ஆண்டுகளில் பாதரச அளவீடுகளின் அடிப்படையில் மீண்டும் எழுந்தது.

வாவிச் சேறு

பாறையிலுள்ள பாதரசத்தை வாசிக்க வேண்டுமானால் சேற்றில் பாதரசம் எப்படித் தங்குகிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கண்முன்னே காட்டும் இடம் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வாவி.

கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவி, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரிக்கிறது. பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இந்த வாய்களை மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கும் நிலை வரும்போது ஆற்றுவாய் வெட்டப்படுகிறது. வெட்டிய வாயால் வெள்ளம் கடலுக்குள் பாய்கிறது. பின்னர் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. படுவான்கரையின் வயல்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் வரும் ஆறுகள் களியையும் இலைமட்கையும் கொண்டுவந்து சேர்க்க, கடல் உப்பையும் அதிலுள்ள சல்பேற்றையும் கொண்டுவருகிறது.

கரையோரக் கண்டல் மரங்களான கண்ணா, கிண்ணை ஆகியவற்றின் வேர்களுக்கு இடையே கால் வைத்தால் சேறு முழங்கால் வரை இழுக்கும். மேலே ஒரு விரற்கடை அளவு பழுப்பு நிறம். அதன் கீழே கன்னங்கரிய சேறு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அந்தக் கருமையும் நாற்றமும் ஒரே வேதியியலின் இரு முகங்கள். ஒட்சிசன் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், மூச்சுக்கு ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைப் பயன்படுத்துகின்றன. அப்போது வெளிவரும் ஐதரசன் சல்பைட்டே நாற்றத்துக்குக் காரணம். அது இரும்போடு கூடி உண்டாக்கும் இரும்புச் சல்பைட்டே கருமைக்குக் காரணம். பாதரசத்துக்கு இதைவிடப் பொருத்தமான உறைவிடம் கிடையாது. இலைமட்கு, களி, சல்பைட்டு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஒட்சிசன் இல்லாததால் பிடித்த பிடி தளர்வதும் குறைவு.

இங்கிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. கண்ணாக் காட்டின் கருஞ்சேற்றில் பாதரசம் அதிகமாகவும், முகத்துவாரத்து வெண்மணலில் மிகக் குறைவாகவும் இருக்கும். இரண்டின் மீதும் பெய்தது ஒரே மழை. மேலே வீசியது ஒரே காற்று. வேறுபட்டது பிடித்துவைக்கும் பொருள்தான். பல்லாயிரம் ஆண்டு கழித்து இவ்விரண்டும் பாறையானால், கரிய பாறையில் மட்டும் பாதரச உயர்வைக் கண்டு எரிமலை வெடித்ததாக முடிவு கட்டினால் அது பிழையாகிவிடும்.

ஆகவே பாதரசத்தின் அளவு தனித்து எடுக்கப்படுவதில்லை. அதே மாதிரியின் சேதனக் காபன் அளவால் அது வகுக்கப்படுகிறது. ஒரு பாறையில் பாதரசம் பில்லியனில் 40 பங்கு, சேதனக் காபன் 0.5 சதவீதம் என்றால் விகிதம் 80. மற்றொன்றில் பாதரசம் 200 பங்கு, காபன் 2.5 சதவீதம் என்றால் அதற்கும் விகிதம் 80 தான். பார்வைக்கு ஐந்து மடங்கு உயர்வு. உண்மையில் மாற்றம் எதுவும் இல்லை. 200 பங்கு பாதரசத்தோடு காபன் 0.5 சதவீதமே இருந்தால் விகிதம் 400 ஆகிறது. அங்கேதான் வெளியிலிருந்து கூடுதல் பாதரசம் வந்திருக்கிறது என்ற ஐயத்துக்கு இடமுண்டு. காபன் 0.2 சதவீதத்துக்கும் கீழே போனால் இந்த வகுத்தலே நம்பத்தகாததாகிவிடும். மிகச் சிறிய எண்ணால் வகுக்கும்போது விகிதம் காரணமின்றி ஊதிவிடும். சில பாறைகளில் பாதரசத்தைப் பிடித்திருப்பது சேதனப் பொருளாக இராமல் சல்பைட்டாகவோ களியாகவோ இருக்கும். அங்கே கந்தகத்தாலும் அலுமினியத்தாலும் வகுத்துப் பார்ப்பது வழக்கம்.

இதே கருஞ்சேற்று நுண்ணுயிர்களில் சில, பாதரசத்தை மெதயில் பாதரசமாகவும் மாற்றுகின்றன. நச்சுத்தன்மை மிக்க இவ்வடிவம் புழுவிலிருந்து இறாலுக்கும், இறாலிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதை உண்பவருக்கும் ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். பண்டைய அழிவுகளில் பாதரசம் தடயமாக மட்டும் இருந்ததா, நஞ்சாகவும் செயற்பட்டதா என்ற கேள்வி இதனாலேயே எழுகிறது. சோஃபி லின்ட்ஸ்ட்ரோம் குழுவினர் 2019 இல் வெளியிட்ட ஆய்வு, டிரையாசிக் முடிவைச் சேர்ந்த பாறைகளில் பாதரசம் உயர்ந்த அடுக்குகளிலேயே பன்னங்களின் வித்திகள் உருச்சிதைந்து காணப்படுவதைக் காட்டியது. கடல் உயிரிகளைக் கொன்றதில் முதலிடம் வெப்பமேற்றத்துக்கும், கடல்நீர் அமிலமானதற்கும், ஒட்சிசன் குறைவுக்கும்தான் தரப்பட வேண்டும்; எனினும் நிலத் தாவரங்களைப் பொறுத்தவரை பாதரசத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து விடுவிக்க முடியாது.

படுவான்கரையின் கருங்கல்

வாவியின் சேறு இத்தனை பேசினாலும், அதன் அடியிலும் மேற்கிலும் கிடக்கும் கருங்கல் இந்த விடயத்தில் எதுவும் சொல்லாது. குடும்பிமலை உட்பட மட்டக்களப்பின் பாறைத் திடல்கள் விஜயன் தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றின் மூலப்பாறைகள் ஏறத்தாழ 1,000 மில்லியன் ஆண்டுப் பழைமை கொண்டவை. இலங்கை கொண்டுவானாப் பெருங்கண்டத்தின் நடுவே அமுங்கிக் கிடந்த காலத்தில், ஏறத்தாழ 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அவை பூமியின் ஆழத்தில் வெந்து நைஸ் பாறைகளாக உருமாறின. ஐந்து அழிவுகளில் முதலாவது நிகழ்வதற்கு நூறு மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னரே இந்தப் பாறைகள் உருவாகி முடிந்துவிட்டன.

வயது மட்டுமே தடையன்று. ஆய்வுகூட உலையில் பாதரசத்தை வெளியேற்றப் பயன்படும் வெப்பத்தை இந்தப் பாறைகள் மில்லியன் கணக்கான ஆண்டுகள் அனுபவித்திருக்கின்றன. அவற்றின் மூலப்பாறையில் எவ்வளவு பாதரசம் இருந்திருந்தாலும் அப்போதே ஆவியாகிப் போயிருக்கும். இதனால் பாதரச ஆய்வாளர்கள் எந்த நாட்டில் வேலை தொடங்கினாலும், பாறை எவ்வளவு வெந்தது என்பதையே முதலில் பார்க்கின்றனர். ஆழப் புதைந்து சூடேறிய அடையற்பாறையில்கூட சேதனப் பொருள் சிதைந்து காபன் குறைந்துவிடும். பாதரசம் இருந்தபடியே இருந்தாலும் விகிதம் பொய்யாக உயரும்.

இலங்கையின் தரைப்பரப்பில் கிரிட்டேசியஸ் முடிவைக் காட்டும் அடையற்பாறை எங்கும் வெளித்தெரிவதில்லை. புத்தளம் பக்கத்துத் தப்போவையிலுள்ள ஜுராசிக் பாறைகள் அதற்கு முந்தியவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, வெகு பிந்தியது. இடைப்பட்ட காலத்தின் அடையல்கள் கடலுக்கு அடியில், மன்னார்ப் படுகையிலும் காவிரிப் படுகையின் இலங்கைப் பக்கத்திலும் புதைந்து கிடக்கின்றன. 2011 இல் எரிவாயு தேடி மன்னார்ப் படுகையில் தோண்டப்பட்ட டொராடோ, பராகுடா கிணறுகள் இந்த அடையல்களையே துளைத்துச் சென்றன. தமிழ்நாட்டில் அதே காவிரிப் படுகையின் கிரிட்டேசியஸ் பாறைகள் அரியலூரில் தரைக்கு மேலே வந்திருக்கின்றன. அம்மோனைட்டுச் சுவடுகளுக்குப் பேர்போன அந்தப் பகுதியில் சிமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். ஆனால் கிரிட்டேசியஸ் முடிவை ஒட்டி அங்கே கடல் பின்வாங்கி, பின்னரே திரும்பியது. எல்லை அடுக்கு இடையறாமல் படியவில்லை. பாதரசத்தை வரிசையாக வாசிக்க வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

வடக்கே ஆயிரம் கிலோமீற்றர்

தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுரக் கிலோமீற்றர் பரப்பில் கிடக்கின்றன. மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைகளில் பசால்ட்டு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு நிற்கின்றன. குழம்பின் சில ஓட்டங்கள் இந்தியாவைக் குறுக்காகக் கடந்து கிழக்குக் கடற்கரையில் கோதாவரி முகத்துக்கு அருகே, ராஜமுந்திரி வரை வந்தன. உலகில் அறியப்பட்ட மிக நீண்ட எரிமலைக்குழம்பு ஓட்டங்களில் அவையும் சேர்கின்றன. ராஜமுந்திரி மட்டக்களப்புக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, வங்காள விரிகுடாவின் அதே கரையில், 1,000 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அக்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

ராஜமுந்திரியின் கல்லுடைக்கும் குவாரிகளில் கீழே ஒரு பசால்ட்டுத் தொகுதி, நடுவே கடலடையல், மேலே இன்னொரு பசால்ட்டுத் தொகுதி என்று அடுக்கு தெளிவாகத் தெரிகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெர்டா கெல்லரும் இந்திய ஆய்வாளர்களும் நடுவிலுள்ள கடலடையலில் அழிவுக்குப் பிந்திய முதற்கட்ட நுண்ணுயிர்ச் சுவடுகளைக் கண்டு 2008 இல் அறிவித்தனர். கீழ்ப் பசால்ட்டு அழிவுக்கு முன்னரோ, அழிவை ஒட்டியோ வந்தது என்பது இதனால் உறுதிப்பட்டது.

கிரிட்டேசியஸ் முடிவுக்கு எரிமலை மட்டுமே உரிமை கொண்டாட முடியாது. லூயிஸ் அல்வாரெஸும் வால்டர் அல்வாரெஸும் அவர்களின் குழுவினரும் 1980 இல், அழிவின் எல்லை அடுக்கில் இரிடியம் செறிந்திருப்பதைக் காட்டி, விண்கல் மோதியது என்றனர். மெக்சிக்கோவின் சிக்சுலுப் பள்ளம் பின்னர் அதற்குச் சான்றானது. மோதல் நிகழ்ந்தது பற்றி இன்று ஐயமில்லை. மோதலுக்கு முன்னரே தக்காண எரிமலை உலகின் தட்பவெப்பத்தைக் குலைத்திருந்ததா என்பதே எஞ்சிய வழக்கு. இரிடியத்தால் இதற்கு விடை சொல்ல இயலாது, பாதரசத்தால் இயலும்.

மேகாலயத்தில் காசி மலைகளின் தென்சரிவில், சிரபுஞ்சிக்குக் கீழே, உம் சோரிங்கியூ ஆற்றின் கரையில் இந்த எல்லை அடுக்கு வெளித்தெரிகிறது. இரிடியச் செறிவு அங்கே 1980 களிலேயே கண்டறியப்பட்டது. பிரேசிலின் அல்சிடெஸ் சியால் தலைமையிலான குழு, டென்மார்க்கின் ஸ்டீவன்ஸ் கிளிண்ட் பாறையோடும் இத்தாலியப் பாறையோடும் சேர்த்து மேகாலயப் பாறையையும் பாதரசத்துக்காக அளந்து 2013 முதல் முடிவுகளை வெளியிட்டது. பாதரச உயர்வு எல்லை அடுக்கில் மட்டும் நிற்கவில்லை. எல்லைக்குக் கீழும் மேலும் தனித்தனி உச்சங்களாக வந்தது. 2016 இல் பிரான்சின் பிடார் பாறையிலும், 2020 இல் கெல்லர் குழுவினர் ஆராய்ந்த துனிசியாவின் எல்லெஸ் பாறையிலும் எல்லைக்கு முந்திய அடுக்குகளில் பாதரசம் ஏறியிருப்பது காணப்பட்டது. ஒரு முறை மோதிய விண்கல்லால் தனக்கு முந்திய காலத்துச் சேற்றில் பாதரசத்தை வைக்க முடியாது. எல்லைக்குக் கீழுள்ள உச்சங்களுக்குத் தக்காணத்தையே காரணமாகக் கொள்வது நியாயம்.

இவற்றில் மிக நெருக்கமாகப் பேசுவது சிப்பி ஓடு. கைல் மேயர், சியேரா பீட்டர்சன் முதலிய மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் அன்டார்க்டிக்கா, அமெரிக்கா, இந்தியா, எகிப்து முதலிய இடங்களின் கிரிட்டேசியஸ் சிப்பி ஓடுகளில் பாதரசத்தை அளந்தனர். அதே ஓட்டின் சுண்ணாம்பிலிருந்து அது வாழ்ந்த நீரின் வெப்பநிலையையும் கணித்தனர். பாதரசமும் வெப்பமும் ஒரே உயிரியின் உடலில் சேர்ந்து உயர்ந்திருந்தன. ஒப்பீட்டுக்காக அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், தொழிற்சாலைப் பாதரசத்தால் மாசடைந்த ஆறொன்றின் மட்டி ஓடுகளையும் அளந்தார்கள். தக்காண எரிமலைக் காலத்துக் கடற் சிப்பிகளின் பாதரச அளவு, அந்த மாசடைந்த ஆற்று மட்டிகளின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது.

காலக் கணக்கில் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. 2019 பெப்ரவரியில் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. சிர்க்கோன் பளிங்குகளைக் கொண்டு வயது கணித்த பிளேயர் ஷோன் குழு, அழிவுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் பொங்கல் நிகழ்ந்தது என்றது. ஆகன் முறையில் பசால்ட்டையே அளந்த கோர்ட்னி ஸ்ப்ரெயின் குழு, குழம்பின் பெரும்பகுதி அழிவுக்குப் பின்னர் வந்தது என்றது. குழம்பு வெளிவரும் முன்னரே ஆழத்திலிருந்து வாயுக்கள் தப்பியிருக்கலாம் என்பதால் இரண்டுமே பாதரசச் சான்றோடு பொருந்தக் கூடியவைதான். சேற்றில் பதிவது குழம்பின் கன அளவு அல்ல, வாயுவின் அளவு.

பெர்மியன் முடிவுக்கு இந்தியத் துணைக்கண்டத்தின் சான்று காஷ்மீரில், சிறீநகருக்கு அருகே கொன்மோவின் குர்யுல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சியால் குழுவினர் சீனாவின் மெய்ஷான் பாறையோடு சேர்த்து அங்கும் பாதரசத்தையும் அதன் சமதானிகளையும் அளந்து எரிமலைத் தொடர்பைக் காட்டியிருக்கின்றனர்.

சமதானிகளும் பிழைகளும்

பாதரசத்துக்கு நிலையான சமதானிகள் ஏழு: 196, 198, 199, 200, 201, 202, 204. சூரிய ஒளி பட்டு நீரிலுள்ள பாதரசம் மீண்டும் ஆவியாகும்போது ஒற்றைப்படை எண்ணுள்ள 199 உம் 201 உம் மற்றவற்றிலிருந்து விலகி நடந்துகொள்கின்றன. எரிமலையிலிருந்து நேரே வரும் பாதரசத்தில் இந்த விலகல் கிட்டத்தட்டச் சுழியம். வளிமண்டலத்தின் வழியே கடலில் இறங்கியதில் பொதுவாக நேர்ப்பெறுமானம். மரஞ்செடிகளிலும் மண்ணிலும் தங்கிப் பின்னர் ஆறு அடித்துவந்ததில் எதிர்ப்பெறுமானம். வாவி போன்ற கரையோர நீர்நிலைகளின் பண்டைய பாறைகளை வாசிக்க இது மிகவும் உதவுகிறது. காடு எரிந்து, மேல்மண் அரித்து, நிலத்தில் பழைய நாளிலிருந்து சேர்ந்திருந்த பாதரசம் ஒரே வெள்ளத்தில் வந்து கொட்டினாலும் பாறையில் உச்சம் தோன்றும். அந்த உச்சம் எரிமலையுடையதன்று என்பதைச் சமதானி காட்டிக்கொடுத்துவிடும். சைபீரியாவில் குழம்பு நிலக்கரிப் படுகைகளைச் சுட்டெரித்து அவற்றின் பாதரசத்தையும் வெளியேற்றியது. அங்கே எரிமலைப் பங்கையும் நிலக்கரிப் பங்கையும் பிரிப்பது இன்றும் கடினமே.

அண்மைக் காலத்துப் பதிவிலேயே எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள மேல் ஃப்ரெமொண்ட் பனியாறு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே துளைத்தெடுத்த பனித்தண்டில் பாதரச உச்சங்கள் 1815 தம்போரா, 1883 கிராகதோவா, 1980 சென் ஹெலன்ஸ் வெடிப்புகளோடு பொருந்துவதாக 2002 இல் வெளியான ஆய்வு பாடநூல்கள் வரை சென்றது. 2017 இல் அருகிலுள்ள மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுப் பனியின் வயதை மீண்டும் கணித்தபோது, ஆண்டுகள் 80 வரை தவறியிருந்தன. தங்க வேட்டைக் காலத்தது எனக் கருதப்பட்ட உயர்வு, இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளுடையதாயிற்று. இருநூறு ஆண்டுப் பனியில் நேரும் இப்பிழையை 66 மில்லியன் ஆண்டுப் பாறையில் தவிர்க்க ஒரே வழி, பல நாட்டுப் பாறைகளில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான். பெர்மியன், டிரையாசிக் முடிவுகளுக்கு அந்த வரிசை வலுவாக இருக்கிறது. கிரிட்டேசியஸ் முடிவுக்கு ஓரளவு இருக்கிறது. ஓர்டோவிசியன், டெவோனியன் அழிவுகளுக்குப் போதாது.

இன்றைய சேற்றில் படியும் பாதரசத்தில் எரிமலையின் பங்கு சிறியது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் கணக்கின்படி 2015 இல் மட்டும் மனிதச் செயற்பாடுகளால் ஏறத்தாழ 2,220 தொன் பாதரசம் காற்றில் கலந்தது. சிறு அளவிலான தங்க அகழ்வும் நிலக்கரி எரிப்பும் அதில் முன்னிற்கின்றன. 2017 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதைக் குறைக்கவே செய்யப்பட்டது. இலங்கையும் இந்தியாவும் அதில் இணைந்துள்ளன.

தென்னிலங்கையில் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பில் துளைத்தெடுத்த சேற்றுத்தண்டுகள், 2004 டிசம்பர் 26 கடற்கோளின் மணல் அடுக்கையும் அதற்கு முந்திய ஏழாயிரம் ஆண்டுகளின் கடற்கோள் மணல்களையும் வரிசையாகக் காட்டின. மட்டக்களப்பு வாவியிலும் அத்தகைய தண்டு எடுக்கத் தகுந்த இடங்கள் உண்டு. ஆற்றுவாய் வெட்டும் முகத்துவாரத்தை அண்டிய சேறு கலங்கியிருக்கும். கடலிலிருந்து விலகிய அமைதியான கிளைகளின் ஓரத்துக் கண்ணாச் சேறே இதற்கு ஏற்றது. ஒரு தண்டில் பாதரசம், சேதனக் காபன், கந்தகம், சமதானி ஆகிய நான்கையும் அளந்தால், எரிமலைக்கும் வெள்ளத்துக்கும் நிலக்கரிப் புகைக்கும் வெப்பமண்டல வாவியொன்று எப்படிப் பதில் தருகிறது என்பது எண்ணிக்கையில் கிடைக்கும். பண்டைய கரையோரப் பாறைகளை வாசிப்பவர்களுக்கு அந்த எண்கள் நேரடியாகப் பயன்படும். கண்ணாக் காடுகள் வெட்டப்பட்டு ஓரச்சேறு கிளறப்படுவதற்கு முன் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். ஒரு முறை கிளறிய சேற்றின் அடுக்கை மீண்டும் வரிசைப்படுத்த வழியில்லை.